புகை சொல்லாத நெருப்பு

மலையில் நெருப்பு இருக்கிறது; ஏனென்றால் அங்கே புகை தெரிகிறது; அடுக்களையில் கண்டதுபோல. தருக்கம் படிக்க உட்கார்ந்த எவரும் இந்த மலையையும் இந்தப் புகையையும் தாண்டிப் போனதில்லை. மணிமேகலையின் 29ஆம் காதை அளவைகளைப் பேசும்போதும் இதே மலைதான், இதே அடுக்களைதான். அடி அண்ணாமலையில் நின்று மலையின் மேற்குச் சரிவைப் பார்க்கிறவருக்கு அது வெறும் பாட உதாரணமாக இருக்க முடியாது. கோடையில் சரிவுப் புல் பற்றிக்கொண்டால் ஊருக்கு முதலில் தெரிவது புகை. தீ எந்தப் பக்கம் நகர்கிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது என்பதையெல்லாம் புகையைப் பார்த்தே ஆட்கள் சொல்லிவிடுவார்கள்; பிறகுதான் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு அணைக்கப் போவது.

ஆனால் அதே தருக்க நூல்கள் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்லிவைத்திருக்கின்றன. புகையைக் கண்டு நெருப்பு உண்டு எனலாம். நெருப்பைக் கண்டு புகை உண்டு எனக் கூடாது. இதற்கு அவை காட்டும் மறுப்பு, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு. அதில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்கசங்கிரகம் இன்னும் ஒரு படி போகிறது: புகையை உண்டாக்குவது நெருப்பு மட்டும் என்றால் போதாது, அதோடு ஈர விறகும் சேர வேண்டும். பல நூற்றாண்டுகளாக மாணவர்கள் மனப்பாடம் செய்த அந்த இரும்புக் குண்டு விதிவிலக்கு, ஒரு கொல்லன் பட்டறையிலிருந்து எடுக்கப்பட்டது. இன்று வீட்டுப் பின்கட்டில் எரிவாயு பர்னர் ஒன்றைத் தானே செய்து, அலுமினியம் உருக்கவோ கத்தி அடிக்கவோ ஆசைப்படுகிறவர், அந்த இரும்புக் குண்டின் உலகத்துக்குள் முழுதாக நுழைகிறார். புகை இல்லை, சாம்பல் இல்லை, வெளிச்சம்கூட அதிகமில்லை. நெருப்பு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டுவிட்டது. இதை முன்னேற்றம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். மனம் ஏனோ முழுதாக ஒப்பவில்லை.

திருவண்ணாமலைக்கு நெருப்பைப் பற்றிப் பேச உரிமை உண்டு. பஞ்சபூதத் தலங்களில் இது அக்கினித் தலம். கிருத யுகத்தில் அக்கினியாகவும், திரேதா யுகத்தில் மாணிக்கமாகவும், துவாபரத்தில் பொன்னாகவும், கலியில் கல்லாகவும் மலை நின்றது என்பார்கள். உலோகம் வார்க்கிறவர் அந்த வரிசையைக் கேட்டால் சட்டென்று தலையசைப்பார். கொதித்தது, மஞ்சளாய் ஒளிர்ந்தது, செக்கச்சிவந்தது, கடைசியில் இறுகிக் கறுத்தது என்று, நடு இரண்டும் இடம் மாறினாலும், அவர் தினமும் பார்ப்பதும் ஏறத்தாழ அதுதான். கார்த்திகையில் உச்சியில் ஏற்றும் தீபத்துக்குச் செம்புக் கொப்பரை, ஆயிரக்கணக்கான கிலோ நெய், காடாத் துணித் திரி. 2,668 அடி உயரத்தில் பதினோரு நாள் எரிந்து, சுற்றுவட்டார ஊர்களின் மொட்டை மாடிகளிலிருந்தெல்லாம் தெரிகிறது. அது தெரிவதற்குக் காரணம் கரி. நெய் முழுதாக எரிந்துவிடாமல், அதிலிருந்து பிரியும் நுண்ணிய கரித்துகள்கள் சுடருக்குள் காய்ந்து ஒளிர்வதால்தான் அந்த மஞ்சள். எரிந்து முடிந்ததும் கொப்பரையில் தங்கும் மையை எடுத்து, மார்கழி ஆருத்ரா தரிசனத்தில் நடராசருக்குச் சாத்தி, பிறகு பக்தர்களுக்குப் பிரசாதமாகத் தருகிறார்கள். நெருப்பு எரிந்ததற்கான சாட்சியம் நெற்றியில் வந்து சேர்கிறது. அரைகுறையாக எரிவதே அந்த நெருப்பின் அழகு.

சுடரின் வெளிச்சம் கரித்துகளிலிருந்து வருகிறது என்பதை மெழுகுவத்தி ஒன்றை வைத்துக்கொண்டு சிறுவர்களுக்கு விளக்கியவர் மைக்கேல் ஃபாரடே. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860 கிறிஸ்துமஸ் காலத்தில் தொடங்கிய அந்தச் சொற்பொழிவுகள் உலகப் புகழ் பெற்றவை. அவர் கொல்லர் மகன் என்பதும், அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1819இல், இந்திய எஃகான ஊட்ஸைப் பகுத்துப் பார்த்து எழுதியவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த ஊட்ஸ் எங்கோ தொலைவில் விளைந்த சரக்கு இல்லை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில், மூசையில் எஃகு காய்ச்சிய இடம் ஒன்றை 1990களில் ஆய்வாளர் ஷாரதா சீனிவாசன் அடையாளம் கண்டு எழுதினார். நொய்யல் கரையில் கொடுமணலிலும் உலைகளின் தடம் கிடைத்திருக்கிறது. உமி கலந்து பிசைந்த மண்ணால் செய்த சிறு மூசைக்குள் இரும்புத் துண்டு, ஆவாரை விறகுச் சிராய்கள், மேலே எருக்க இலை. வாயை மண்ணால் அடைத்து, கரி உலையில் அடுக்கி, மணிக்கணக்கில் துருத்தி ஊதியிருக்கிறார்கள். இரும்பு உருகும் வெப்பம் 1,538 டிகிரி. இலையும் சிராயும் தரும் கரியை இரும்பு குடிக்கக் குடிக்க அந்த எல்லை இறங்கி வரும். ஆனாலும் ஆட்டுத் தோல் துருத்தியால் அவ்வளவு சூட்டை எட்டி, இறங்கவிடாமல் பிடித்து நிறுத்தியது சாதாரணக் காரியமில்லை.

அதைவிடக் குறைந்த சூட்டுக்காகத்தான் இன்று ஒருவர் பைப் கடைக்குப் போகிறார். அலுமினியத்துக்கு 660 டிகிரி, செம்புக்கு 1,085. பர்னர் பார்வைக்கு ஒன்றுமில்லை. முக்கால் இஞ்ச் இரும்புக் குழாய், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம். ஒரு முனையில் வாய் அகன்ற ரெடியூசர், மறுமுனையில் லேசாக விரியும் மூக்கு. அகன்ற வாயின் நடுவில், குழாயின் அச்சுக்கு நேராக, மிக் வெல்டிங் டிப் ஒன்றை நிறுத்துவார்கள். அதன் துளை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். எல்லாம் அந்தத் துளையில் இருக்கிறது. வாயு அதன் வழியே சீறிக்கொண்டு குழாய்க்குள் பாயும்போது, சுற்றியிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. விசிறி கிடையாது, துருத்தி கிடையாது. டிப் ஒரு நூல் சாய்ந்திருந்தால் சுடர் ஒரு பக்கமாகப் படுக்கும். துளையின் விளிம்பில் பிசிறு நின்றால் சத்தமே மாறும். ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31. நம் ஊர் சிலிண்டரில் வருவது இரண்டும் கலந்தது. எரிபொருள் ஒன்று என்றால் காற்று அதைப்போல முப்பது மடங்குவரை. ஆக, பர்னர் செய்கிறேன் என்று உட்காருகிறவர் உண்மையில் செய்வது காற்றை இழுக்கும் கருவி. நெருப்பு அதன் கடைசி அரை இஞ்ச்சில் நடக்கும் விஷயம்.

கடைகளில் சுலபமாகக் கையில் சிக்குவது ஜி.ஐ. பைப். பர்னரின் சூடான முனைக்கு அது ஆகாது. மேலே பூசிய துத்தநாகம் 420 டிகிரியில் உருகி, 907இல் கொதித்து, வெண்புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் கண்டதுபோல உடம்பு நடுங்கும். பூச்சில்லாத கறுப்பு இரும்புக் குழாயைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டு கேஸ் அடுப்பும் இதே வித்தைதான். அடுப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால் பித்தளை ஜெட், அதற்கு எதிரே காற்று நுழையும் வாய், கலவைக் குழாய் எல்லாம் தெரியும். பால் பொங்கி வழிந்து துளைகள் அடைபட்ட மறுநாள், சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கறுத்துப்போவதைப் பார்க்காத வீடில்லை. அதற்கு முந்தைய தலைமுறை, பம்ப் ஸ்டவ்வின் ஜெட்டுக்குப் பின் குத்தத் தெரிந்த தலைமுறை. மயிரிழைக் கம்பி ஒன்று உள்ளே போய் வந்ததும் நெருப்பு உறுமிக்கொண்டு நீலமாவதை அவர்கள் காதால் கேட்டே சமைத்தார்கள். ஸ்வீடனில் 1892 வாக்கில் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் வழி வந்த ஞானம் அது. ஆகவே பர்னர் தமிழ் வீட்டுக்குப் புதிதில்லை. புதிது அழுத்தம். வீட்டு ரெகுலேட்டர் அடுப்புக்குத் தருவது வளிமண்டல அழுத்தத்தில் நூறில் மூன்று பங்குதான். உலைக்கு அதைப்போலப் பல மடங்கு, கூட்டிக் குறைக்கக்கூடியதாக வேண்டும்.

முதன்முறை பற்றவைக்கும் நேரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். உலை என்பது பழைய இரும்பு டப்பா. உள்ளே செராமிக் கம்பளி, அதன் மேல் தீச்சாந்துப் பூச்சு, அடியில் தீக்கல். முதலில் எரியும் காகிதத் துண்டை உள்ளே வைத்துவிட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால், நிரம்பி நின்ற வாயு ஒரே மூச்சில் பற்றி முகத்துக்கு வரும். உலை ஆறியிருக்கும்போது சுடர் முரண்டு பிடிக்கும். விட்டுவிட்டு அடித்துக்கொள்ளும், ஆரஞ்சு நாக்கு வாய்க்கு வெளியே துருத்தும். அழுத்தத்தை மிகக் குறைத்தால் ‘டப்’ என்று ஒரு சத்தத்தோடு நெருப்பு குழாய்க்குள் பின்னோக்கி ஓடிப்போகும். புரொப்பேன் கலந்த காற்றில் சுடர் நொடிக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நகரும். கலவை அதைவிட மெதுவாக வெளியே வந்தால், நெருப்பு அதை எதிர்த்து உள்ளே நடந்து வருகிறது. அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் சுடர் மூக்கை விட்டுக் கழன்று அணைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. உலைச் சுவர் சிவக்கச் சிவக்க, இரைச்சலின் பிசிறுகள் ஒவ்வொன்றாக அடங்கி, ஒரே சீரான உறுமலாக நிற்கும். பழகியவர் அதைப் பார்ப்பதில்லை, கேட்கிறார். கண்ணின் வேலை பாதி காதுக்குப் போய்விட்டது.

மீதிப் பாதியும் சீக்கிரம் போகும். உலைக்குள் வைத்த இரும்பு முதலில் கறுப்பாகத் தெரியும், பிறகு மங்கிய சிவப்பு, பிறகு செஞ்சிவப்பு. 770 டிகிரியைத் தாண்டினால் காந்தம் அதைச் சீந்தாது. இன்னும் ஏறி, இரும்பும் சுவரும் ஒரே சூட்டை அடையும்போது இரும்பின் விளிம்பு கரைந்துபோகும். எது கம்பி, எது சுவர் என்று பிரித்தறிய முடியாமல் உலை முழுக்க ஒரே மஞ்சள். மூடிய அறைக்குள் எல்லாம் ஒரே சூட்டில் இருந்தால், எந்தப் பொருளாயினும் ஒரே மாதிரிதான் ஒளிரும் என்று 1860இல் இயற்பியலாளர் கிர்க்காஃப் எழுதிவைத்தது இங்கே கண்முன் நடக்கிறது. அவரோடு ஹைடல்பர்க்கில் சேர்ந்து உழைத்தவர் புன்சன். அவர் பெயரிலுள்ள, பள்ளிக்கூட ஆய்வகங்களில் எல்லாரும் தொட்ட அந்த பர்னரின் பெருமையே சுடருக்குச் சொந்த நிறம் இல்லாததுதான். தனக்கென்று ஒளியில்லாத சுடரில் உப்பைக் காட்டியபோதுதான் பொருள்களின் நிறக்கோடுகள் தெரிந்தன. சீசியமும் ருபீடியமும் அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டன. தருக்கக்காரர்கள் மறுப்பாகக் காட்டிய இரும்புக் குண்டுக்குப் புகைதான் இல்லாமலிருந்தது, கண்ணுக்காவது தெரிந்தது. எரிவாயு உலைக்குள் அதுவும் போகிறது.

காற்றை இழுத்து எரிப்பது நவீன காலத்துத் தந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். இலங்கையில், மத்திய மலைநாட்டின் தென்புறச் சரிவுகளில், சமனலவெவ அருகே, மேற்கு நோக்கிய குன்றுகளின் விளிம்பில் வரிசையாக இரும்பு உலைகள் இருந்தன. கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அவை இயங்கியதாகத் தொல்லியலாளர் கில்லியன் ஜுலெஃப் கணித்தார். தென்மேற்குப் பருவக் காற்று அடிக்கும் மாதங்களில் துருத்தியே இல்லாமல் அவை எரிந்தன. அதே மாதிரி உலையைக் கட்டி எரித்தும் காட்டி, 1996இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். காற்று நேராக உள்ளே புகுந்து ஊதியது என்று எண்ணத் தோன்றும். அவர் விளக்கம் வேறு. முன்சுவரின் மேல் விளிம்பைத் தாண்டிப் பாயும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைக்கிறது. அந்தக் குறைவு, கீழே உள்ள ஊதுகுழல்கள் வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. வெஞ்சுரி 1797இல் குழாய்களை வைத்து எழுதிய விதியோடு நெருங்கிய உறவுள்ள காரியத்தை, அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே மண்சுவர் ஒன்று செய்துகொண்டிருந்தது. பின்கட்டில் பைப் அறுக்கிறவர் அந்த மண்சுவரின் வாரிசு. இதைச் சொல்லும்போது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. கிரிவலப் பாதையிலும் அடி அண்ணாமலையைத் தாண்டினால் அடுத்து வருவது வாயு லிங்கம். அக்கினி லிங்கம் மலையின் நேர் எதிர்ப்பக்கத்தில், தென்கிழக்கில். திசைப்படி அமைந்ததுதான் அது. என்றாலும் உலை மூட்டுகிறவர் அதை வேறு கண்ணோடு பார்த்துக்கொண்டு நடக்கலாம்.

ஆனால் சமனலவெவ உலைக்காரர்களுக்கும் நமக்கும் இடையில் ஒரு வேறுபாடு உறுத்துகிறது. அவர்களின் காற்று பருவத்துக்குக் கட்டுப்பட்டது, வராவிட்டால் காத்திருந்தார்கள். துருத்தி உள்ள பட்டறையில் காற்று ஓர் உடம்புக்குக் கட்டுப்பட்டது. நம் ஊர்ப் பட்டறைகள் பலவற்றில் சக்கரம் சுற்றியதும் துருத்தி இழுத்ததும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். மண்வெட்டி தட்டித் தோய்த்துத் தருகிற கொல்லர் ஒரு வார்த்தையும் பேசாமல் தலையை ஆட்டினால் போதும். எதிரே இருப்பவர் கை வேகம் கூடும், குறையும். அந்தக் கைக்குத் தோளில் வலி இருந்தது, கூலி என்று தனியாக ஒன்றும் இருந்ததில்லை. மின்சார ஊதுவிசிறி வந்து அந்தத் தோள்களை விடுவித்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். இழந்ததையும் கூடவே சொல்லியாக வேண்டும்: உலையில் எவ்வளவு காற்று போகிறது என்று தன் உடம்பால் அறிந்த இரண்டாம் ஆள் அங்கே இல்லாமல் போனார். பின்கட்டு பர்னர்க்காரர் தனியாக நிற்கிறார். அவருக்கு எதிரே ஒருவரும் இல்லை.

சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறையில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும்படி நடக்கும். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்து உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டலைப் பூசி, காயவைத்துக் கம்பி கட்டி, வறட்டித் தீயில் சுடுகிறார்கள். மெழுகு உருகி ஓடி, அதன் இடத்தில் வெறுமை நிற்கிறது. பக்கத்தில் மூசையில் உலோகம் கொதிக்கிறது. வார்ப்புக்கு முன் அச்சைத் தரையில் குழி தோண்டிப் புதைக்கிறார்கள்; மண் சுற்றிலும் தாங்கிக்கொள்வதால் அச்சு வெடிக்காது. உலையும் பல இடங்களில் தரைக்குள்தான். கரிக்கும் வறட்டிக்கும் குழி நல்லது, சூடு வெளியே போகாது. இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டு கரிக்குப் பதில் சிலிண்டரை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடும். காற்றில் அது நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றக்கூடும். தலைமுறைகளாக நன்மை செய்த குழி, எரிபொருள் மாறியதும் எமனாகிறது. மரபை அப்படியே பின்பற்றுவதும் ஆபத்து, அப்படியே விடுவதும் ஆபத்து என்று ஆகிற இடம் இது. குழி எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொண்டவருக்குத்தான் அதை எப்போது விட வேண்டும் என்று தெரியும்.

கசிவை மூக்குக்குச் சொல்ல மெர்காப்டன் கலக்கிறார்கள். அழுகிய முட்டைக்கோஸ் வாடை அது. வாயுவுக்கு இயல்பாக வாசனை கிடையாது. புகை இல்லாத நெருப்புக்கு மனிதன் செயற்கையாகப் பூட்டிய ஒரே சாட்சி. அதுவும் எரிவதற்கு முன்புதான். எரிந்த பிறகு வருவதற்குச் சாட்சி கிடையாது. காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. நிறமில்லை, மணமில்லை, ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலை லேசாக வலிக்கும், தூக்கம் வருகிறாற்போல இருக்கும். கொல்லுவேலைக்கு இது இன்னும் சிக்கல். காற்று மிகுந்த சுடரில் இரும்பு செதில் செதிலாகக் கறுத்து உதிர்ந்து வீணாகும் என்பதால், தெரிந்தவர்கள் காற்றைச் சற்றுக் குறைத்தே வைக்கிறார்கள். இரும்புக்கு நல்லது எதுவோ அது மூச்சுக்குக் கெடுதல். மழைக்கு ஒதுங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு உலை மூட்டுகிறவருக்கு இது தெரிந்தே இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சந்தேகத்தை மறைக்காமல் வைக்க வேண்டும். கரி உலை மட்டும் என்ன வாழ்ந்தது? நன்றாகப் பற்றிய கரிக்கும் புகை கிடையாது. அதுவும் கார்பன் மோனாக்சைடைக் கக்குகிறது. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கி இறந்தவர்களின் செய்தி மார்கழிக் குளிரில் இன்றும் வருகிறது. ஈர விறகுக்குத்தான் புகை என்று அன்னம்பட்டர் சொன்னது கரி மூட்டும் கொல்லருக்கு அவர் காலத்திலேயே பொருந்தியது. பழைய நெருப்பு எல்லாவற்றையும் சொன்னது, புது நெருப்பு ஊமை என்று பிரித்துவிட்டால் கணக்கு சரியாக வராது. பரங்கிப்பேட்டையில் 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய இரும்பாலை கரிக்காக எத்தனை காட்டைத் தின்றது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். ஆனால் கரி குறைந்தபட்சம் தீர்ந்துபோவதைக் காட்டியது. கூடை காலியானது, சாம்பல் குவிந்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாராவது ஒரு காட்டைக் காட்டினார்கள். சிலிண்டரில் இருப்பது எவ்வளவு என்று தூக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட இடமில்லை; நாட்டின் தேவையில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. திருவண்ணாமலையை ஒட்டிய கவுத்திமலையிலும் வேடியப்பன்மலையிலும் இரும்புத்தாது எடுக்க 2000களில் திட்டம் வந்தபோது சுற்றுக் கிராமத்தார் எதிர்த்து நின்றார்கள். மலை கண்ணெதிரே இருந்ததால் அவர்களால் எதிர்க்க முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத எரிபொருளுக்கு அப்படி நிற்க ஆள் இல்லை.

சிலிண்டருக்கும் ஒரு வாய்மொழி உண்டு, கவனித்தால். உலை வேகமாக வாயுவை இழுக்கும்போது சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்க்கும், பிறகு கை வைக்க முடியாமல் குளிரும். திரவம் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சிலிண்டரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில், ஒரு பக்கம் ஆயிரம் டிகிரி உலை, நாலடி தள்ளி ஈரம் பூத்த இரும்பு உருளை. அதில் படியும் ஈரத்தின் உயரம், உள்ளே திரவம் எதுவரை நிற்கிறது என்பதைக் காட்டும். குளிர ஆரம்பித்ததும் அழுத்தம் விழும், உறுமல் தணியும். வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் சிலிண்டரை நிறுத்துவது அதற்கு உள்ள மருந்து. அதை நெருப்புக் காட்டிச் சூடாக்க நினைப்பது தற்கொலை.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டர் சமையலுக்கு மட்டும். 2000ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. விநியோக ஒழுங்கு ஆணைப்படி அதை வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது. உலைக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டரை வாங்க வேண்டும். விலை கூடுதல்தான். மானியம் அடுப்புக்காக என்று ஏற்றுக்கொண்டால், ஆசைக்காக எரிக்கும் நெருப்புக்கு முழு விலை கொடுப்பதே நியாயம்.

இவ்வளவு கலக்கத்துக்குப் பிறகும் பர்னர் செய்ய வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. குழாய், துளை, காற்று என்று மூன்றே பொருள்களைத் தன் கையால் சேர்த்து, உலோகம் தண்ணீராவதை ஒருமுறை பார்த்தவர், கோயில் குத்துவிளக்கையோ வாசல் பூட்டையோ பிறகு அதே கண்ணால் பார்க்க மாட்டார். பொறியியல் கல்லூரியில் வெஞ்சுரி சூத்திரத்தைப் போட்டுத் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளில் எத்தனை பேர் ஜெட்டின் எதிரே உள்ளங்கையை வைத்து, காற்று உள்ளே இழுபடுவதை உணர்ந்திருப்பார்கள்? அந்த உள்ளங்கை அறிவு நம்மிடம் தேய்ந்துகொண்டே வருகிறது. அதைத் திரும்பப் பெற ஆசைப்படுகிறவர்களைப் பயமுறுத்தி அனுப்பக் கூடாது. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டிங்குக்கும் ஃபிட்டருக்கும் கூடமும் கருவியும் இருக்கின்றன. மாலை நேரங்களில் ஒரு மூலையை, திறந்த வெளியோடு, இப்படிப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டால் பின்கட்டு விபத்துகள் பல தவிரும்.

அது நடக்கும்வரை, செய்யப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உலையைக் கூரைக்கு வெளியே, தரைமட்டத்துக்கு மேலே, நாலு பக்கமும் காற்று வரும் இடத்தில் வையுங்கள். ஈரம் பட்ட அச்சிலும் மூசையிலும் உருகிய உலோகத்தை ஊற்றாதீர்கள். ஒரு சொட்டு நீர் ஆவியாகி உலோகத்தை முகத்தில் வாரியடிக்கும். கார்பன் மோனாக்சைடு காட்டும் கருவி ஒன்றை வாங்கிப் பக்கத்தில் மாட்டுங்கள். முதல் முறை எரிக்கும் நாளன்று உங்கள் ஊர்க் கொல்லர் ஒருவரை அழைத்து, அவருடைய அன்றைய வேலைக் கூலியைக் குறைக்காமல் கொடுத்து, பக்கத்தில் உட்காரவையுங்கள். எரிவாயு அவருக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். இரும்பு எப்போது தயார், நெருப்பு எப்போது சரியில்லை என்று அவர் சொல்லுவார். சொன்னால் வால்வை மூடிவிடுங்கள்.